கார் எரிபொருள் ஃபில்டரை முன்கூட்டியே மாற்ற வேண்டுமா? முடிவெடுப்பது முதல் மாற்றி முடிப்பது வரை

"வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. இருந்தாலும் ஃபில்டரை மாற்றிவிடட்டுமா?" என்று கேட்பவர்களிடம் நான் இரண்டு கேள்விகளைத் திருப்பிக் கேட்பேன். அந்த ஃபில்டர் எதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது? அதைக் கழற்றும்போது எது உடையக்கூடும்?

இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் முடிவு தானாக வந்துவிடும். டீசல் காரில் ஃபில்டரைத் தள்ளிப்போடுவது தவறு. டேங்குக்குள் ஃபில்டர் இருக்கும் பெட்ரோல் காரில், காரணமில்லாமல் அதைத் தொடுவது தவறு. ஒருவருக்குச் சொன்ன ஆலோசனையை மற்றவர் அப்படியே எடுத்துக்கொள்வதால்தான் பலரும் இடறி விழுகிறார்கள். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். ஸ்பேனர் ஆறாவது படிக்குப் பிறகுதான் கைக்கு வர வேண்டும்.

1. உங்கள் காரில் எந்த ஃபில்டர் இருக்கிறது?

முதல் வகை, டீசல் ஃபில்டர். பெரும்பாலும் என்ஜின் அறையிலேயே இருக்கும். உருளை வடிவம், மேலே இரண்டு அல்லது மூன்று குழாய்கள், அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு, பல வண்டிகளில் தண்ணீர் சேர்ந்தால் எச்சரிக்கும் சென்சாரின் ஒயர். இது தூசியை வடிகட்டுவதோடு, டீசலில் உள்ள தண்ணீரையும் பிரித்து அடியில் தேக்கி வைக்கிறது.

இரண்டாவது, வெளியே பொருத்தப்பட்ட பெட்ரோல் ஃபில்டர். பழைய வண்டிகளில் டேங்குக்குப் பக்கத்தில் அடித்தளத்திலோ என்ஜின் அறையிலோ இருக்கும். கைக்கு அடக்கமான உலோக டப்பா, இரு முனையிலும் குழாய். கார்புரேட்டர் காலத்து வண்டி என்றால் உள்ளே தெரியும் சிறிய பிளாஸ்டிக் கூடு.

மூன்றாவது, டேங்குக்குள் பம்புடன் ஒன்றாக அமைந்த பெட்ரோல் ஃபில்டர். இப்போது சாலையில் ஓடும் பெட்ரோல் கார்களில் பெரும்பான்மை இந்த வகைதான். பின் இருக்கையைத் தூக்கினால் கீழே ஒரு வட்ட மூடி தெரியலாம். அந்த மூடி இல்லாத வண்டிகளில் டேங்கையே இறக்கினால்தான் பம்பைத் தொட முடியும்.

குனிந்து தேடியும் ஃபில்டர் கண்ணில் படவில்லை என்றால் யாரோ கழற்றிவிட்டார்கள் என்று பொருள் அல்ல. அது டேங்குக்குள் இருக்கிறது. இந்தத் தெளிவு இல்லாமல் கடைக்குப் போய் பழைய மாடலுக்கான ஃபில்டரை வாங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2. கையேட்டில் இருக்கும் அட்டவணையைப் படியுங்கள்

காருடன் வந்த கையேட்டின் கடைசிப் பகுதியில் பராமரிப்பு அட்டவணை இருக்கும். அதில் எரிபொருள் ஃபில்டர் என்ற வரியைத் தேடுங்கள். கிலோமீட்டர், மாதம் இரண்டும் கொடுத்திருந்தால் எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. ஆண்டுக்கு 5,000 கி.மீ. மட்டும் ஓட்டுபவர்கள் கிலோமீட்டரைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். மாதக் கணக்கு அவர்களுக்காகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஓடாமல் நிற்கும் வண்டியின் டேங்கில்தான் ஈரம் சேர்கிறது.

அதே அட்டவணையின் அடியில் கடுமையான பயன்பாடு என்று தனிக் குறிப்பு இருக்கும். தூசி நிறைந்த சாலை, தொடர்ந்து பாரம், குறுகிய தூரப் பயணம் போன்றவை அதில் வரும். செங்கல் சூளைக்கோ குவாரிக்கோ தினமும் போய்வரும் வண்டி அந்தக் குறிப்பின்படிதான் நடக்க வேண்டும்.

அட்டவணையில் அந்த வரியே இல்லையென்றால், பெரும்பாலும் உங்களுடையது மூன்றாம் வகை. தயாரிப்பாளர் அதைக் குறித்த காலத்தில் மாற்றும் பொருளாகக் கருதவில்லை.

3. வண்டியின் வரலாற்றைச் சேகரியுங்கள்

கடைசியாக ஃபில்டர் எப்போது மாறியது என்பதற்குச் சான்று வேண்டும். "போன சர்வீஸில் மாற்றியிருப்பார்கள்" என்பது சான்று ஆகாது. பில்லில் ஃபில்டர் என்ற சொல் இருந்தாலும், அது ஆயில் ஃபில்டரா, ஏர் ஃபில்டரா, ஏ.சி. ஃபில்டரா, எரிபொருள் ஃபில்டரா என்று பிரித்துப் பாருங்கள். இந்த நான்கையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம்.

உறவினர் ஒருவர் வாங்கிய பழைய டீசல் காரில், மாற்றியாகிவிட்டது என்று பில் சொன்னது. போனெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஃபில்டரின் மேல் விரல் பதியும் அளவுக்கு மண். பிடிப்பானின் திருகில் இருந்த துரு கொஞ்சமும் கலையவில்லை. ஸ்பேனர் பட்ட திருகின் முனைகளில் சிறிதாவது பளபளப்பு தெரியும், இதில் அது இல்லை. கூட்டின் மேல் அச்சிட்டிருந்த தயாரிப்பு ஆண்டும் காரின் ஆண்டும் ஒன்றாகவே இருந்தன. காகிதத்தை விட்டுவிட்டு ஃபில்டரையே பார்க்க வேண்டும் என்பதை அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்கிறேன்.

இன்னும் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டி எப்போதாவது வெள்ளத்தில் நின்றதா? 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் தண்ணீரில் மூழ்கிய கார்கள் பல, பின்னர் கைமாறி வெளியூர்களில் ஓடுகின்றன. மாதக்கணக்கில் அரை டேங்குடன் நின்றிருந்ததா? எப்போதும் ரிசர்வில் ஓட்டும் பழக்கம் உண்டா? முதல் இரண்டும் டேங்கில் தண்ணீர் சேர்ந்திருக்க வாய்ப்பு என்று சொல்கின்றன. மூன்றாவது பம்பைப் பற்றியது. டேங்குக்குள் இருக்கும் பம்பு, சுற்றியுள்ள பெட்ரோலால்தான் குளிர்கிறது. பெட்ரோல் குறையக் குறைய அது சூடாகும்.

4. அறிகுறி இருக்கிறதா? இருந்தால் அது ஃபில்டரின் அறிகுறிதானா?

அடைபட்ட ஃபில்டர் ஓரளவு எரிபொருளை விட்டுக்கொண்டேதான் இருக்கும். அதனால் நின்ற இடத்தில் என்ஜின் சீராக ஓடும், ஊருக்குள்ளும் குறை தெரியாது. அதிக எரிபொருள் தேவைப்படும் நேரத்தில்தான் திணறும். சேலத்தின் சமதளத் தெருக்களில் ஒழுங்காக ஓடும் கார், ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது மூச்சு வாங்கினால் ஃபில்டரைச் சந்தேகிக்கலாம். லாரியை முந்த ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது வேகம் ஏறாமல் தயங்கினாலும் அப்படியே.

மாறாக, நின்ற இடத்திலேயே என்ஜின் நடுங்கினால் முதலில் ஸ்பார்க் பிளக், காயில், காற்றுக் குழாய்க் கசிவு ஆகியவற்றைப் பாருங்கள். எப்போதும் இழுவை குறைவு, கூடவே டீசல் வண்டியில் கரும்புகை என்றால் ஏர் ஃபில்டரும் டர்போவின் குழாய்களும் முன்னே வரும். எரிபொருள் குறைந்தால் கரும்புகை வராது. காற்று குறைந்தால் வரும்.

சந்தேகம் இருந்தால் அளந்து பாருங்கள். சாதாரண பெட்ரோல் இன்ஜெக்ஷன் வண்டியில் குழாய் அழுத்தம் பொதுவாக 3 முதல் 4 பார் (அழுத்தத்தின் அலகு) வரை இருக்கும். கேஜ் வைத்திருக்கும் மெக்கானிக் சில நிமிடங்களில் சொல்லிவிடுவார். டீசல் என்றால், வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில், என்ஜின் கேட்கும் ரெயில் அழுத்தத்தையும் (ரெயில் என்பது, டீசலைத் தெளிக்கும் நாசில்களுக்கு உயர் அழுத்த டீசலைப் பகிரும் பொதுக் குழாய்) உண்மையில் கிடைக்கும் அழுத்தத்தையும் அருகருகே வைத்து, மேட்டில் ஓட்டிப் பாருங்கள். இரண்டுக்கும் இடைவெளி விழுந்தால் ஃபில்டரிலிருந்து பம்பு வரை எங்கோ குறை. ஸ்கேனரில் வரும் பி0087 என்ற பழுதுக் குறியீடும் அழுத்தம் குறைவு என்றுதான் சொல்லும். ஃபில்டர்தான் குற்றவாளி என்று அது சொல்வதில்லை.

இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், ஃபில்டரை மாற்றியதும் அழுத்தம் கொஞ்சம் தேறும். சாகும் தறுவாயில் இருக்கும் பம்பு அந்த நிம்மதியில் மறைந்துகொள்ளும். பிறகு நெடுஞ்சாலையில், இரவில் நிற்கும்.

5. இப்போது முடிவெடுங்கள்

டீசல் கார், கெடு நெருங்கிவிட்டது அல்லது வரலாறு தெரியவில்லை: மாற்றிவிடுங்கள், அறிகுறிக்குக் காத்திருக்க வேண்டாம். காமன் ரெயில் என்ஜினில் டீசல் 1,000 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில், மிக நுண்ணிய துளைகள் வழியாகப் பாய்கிறது. அந்த உயர் அழுத்தப் பம்புக்கு எண்ணெய்ப் பசை தருவதும் அதே டீசல்தான். தண்ணீர் புகுந்தால் பசை போய், உலோகம் உலோகத்தோடு உரசும். அந்தத் துகள்கள் நாசில் வரை போகும். ஃபில்டரின் விலை சில நூறு ரூபாயிலிருந்து இரண்டு மூவாயிரம் வரை. நான்கு நாசிலும் பம்பும் மாற்ற நேர்ந்தால் அரை லட்சத்தைத் தாண்டிவிடும். இங்கே யோசிக்க எதுவும் இல்லை. மாற்றுங்கள்.

வெளி ஃபில்டர் உள்ள பழைய பெட்ரோல் கார்: கெடு தாண்டியிருந்தால் மாற்றுங்கள். பொருள் மலிவு, எட்டும் இடத்தில் இருக்கிறது. இதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. இப்போது நம் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். பழைய உலோக டேங்கின் சுவரில் ஆண்டுக்கணக்கில் ஒட்டியிருக்கும் படிவைக் கரைத்து இழுத்துவரவும் செய்யும். அந்தப் படிவு வந்து சேருமிடம் ஃபில்டர்தான். இந்த வகை வண்டியில் ஃபில்டரை மாற்றும்போதே ரப்பர் குழாய்களையும் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் எத்தனாலைத் தாங்கும் குழாயாக மாற்றுங்கள்.

டேங்குக்குள் ஃபில்டர் உள்ள பெட்ரோல் கார், அறிகுறி இல்லை, அட்டவணையிலும் இல்லை: விட்டுவிடுங்கள். நாளான நைலான் குழாய் இறுகிப்போயிருக்கும். இணைப்பின் சிறு கொக்கி ஒன்று உடைந்தால் ஒரு அடி நீளக் குழாய்த் தொகுதியையே வாங்க வேண்டிவரும். டேங்க் வாயின் ரப்பர் வளையம் ஒருமுறை திறந்தால் உப்பி விரிந்துவிடும், அதையே மறுபடி போட்டால் காருக்குள் பெட்ரோல் வாடை. நல்ல நிலையில் இருக்கும் ஒன்றுக்காக இந்த ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டாம். அறிகுறியும் அளவீடும் குறையைக் காட்டினால் மட்டும் திறங்கள். திறந்தால் ஃபில்டர், பம்பின் வாயில் உள்ள வடிவலை, புதிய ரப்பர் வளையம் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி அல்லது தண்ணீர் கலந்த எரிபொருள் போட்டது தெரிந்த வண்டி: வகை எதுவானாலும் முதலில் டேங்கைக் காலி செய்து சுத்தம் செய்யுங்கள், பிறகு ஃபில்டர். வரிசையை மாற்றினால் புது ஃபில்டர் ஒரே நாளில் பழையதாகிவிடும். என்ஜினை ஸ்டார்ட் செய்து பார்ப்போமே என்ற ஆசை மட்டும் வேண்டாம்.

6. வேலைக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

கார் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் காட்டி ஃபில்டர் வாங்குங்கள். ஒரே பெயரில் வரும் காரிலேயே ஆண்டுக்கு ஆண்டு ஃபில்டர் மாறியிருக்கும். பழையதன் படத்தை அலைபேசியில் எடுத்துப்போய், குழாய் முனைகளின் தடிமனையும் திசையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

புதிய ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்), வாஷர், கிளிப் ஆகியவை தனியாக விற்கப்பட்டால் அவற்றையும் சேர்த்தே வாங்குங்கள். கசிவுகளில் பெரும்பகுதி பழைய வாஷரைத் திரும்பப் போடுவதால் வருபவை. இவை தவிர நூல் பிரியாத துணி, கண்ணாடி ஜாடி ஒன்று, கண்ணுக்குக் காப்பு, கையுறை, பவுடர் வகைத் தீயணைப்பான். தீயணைப்பான் கை நீட்டினால் எட்டும் தொலைவில் இருக்கட்டும், வீட்டுக்குள் அல்ல.

இடம் திறந்த வெளியாக இருக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். பத்தடி தள்ளி எரியும் விளக்கு போதும், தீ பற்றிக்கொள்ள. என்ஜின் முழுதும் ஆறியிருக்க வேண்டும். டேங்கில் கால் பங்குக்குக் குறைவாக எரிபொருள் இருந்தால் கழற்றும்போது ஒழுக்கு குறையும்.

டேங்குக்குள் உள்ள ஃபில்டரையும், நேரடி இன்ஜெக்ஷன் (பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும்) பெட்ரோல் என்ஜினையும் முதல்முறை செய்பவர்கள் தொட வேண்டாம். அனுபவமுள்ள பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

7. வெளி பெட்ரோல் ஃபில்டரை மாற்றும் வரிசை

முதலில் அழுத்தத்தை விடுங்கள். எரிபொருள் பம்பின் ஃபியூஸை உருவிவிட்டு என்ஜினை ஓட விடுங்கள், குழாயில் உள்ளதைக் குடித்துவிட்டுத் தானாக நிற்கும். இன்னொரு முறை இரண்டு மூன்று நொடி செல்ஃப் அடியுங்கள். டேங்க் மூடியையும் திறந்து மூடுங்கள். இவை எல்லாம் முடிந்த பிறகுதான் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். பாதுகாப்பு என்று நினைத்து முதலிலேயே பேட்டரியைக் கழற்றுகிறவர்கள் அழுத்தத்தை விட வழியில்லாமல் நிற்கிறார்கள். பிறகு குழாயைப் பிடுங்கி முகத்தில் பெட்ரோல் வாங்குகிறார்கள்.

குழாயைக் கழற்றும்போது இணைப்பின் மேல் துணியைச் சுற்றிப் பிடியுங்கள், மிச்ச அழுத்தம் துணியில் அடங்கும். திருகு இணைப்பு என்றால் இரண்டு ஸ்பேனர்: ஒன்று ஃபில்டரைப் பிடிக்க, மற்றது நட்டைத் திருக. ஒன்றே வைத்துத் திருகினால் உலோகக் குழாய் முறுகும்.

புது ஃபில்டரில் அம்புக்குறி இருக்கும். அது என்ஜினை நோக்கிப் போக வேண்டும். திருப்பிப் பொருத்தினாலும் வண்டி ஓடும், அதனால்தான் இந்தப் பிழை மாதக்கணக்கில் தெரியாமல் இருக்கிறது. தள்ளிப் பூட்டும் இணைப்பு என்றால் 'டக்' என்ற ஒலி கேட்டபின் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

ஃபியூஸையும் பேட்டரியையும் மாட்டிவிட்டு, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் மூன்று நான்கு முறை ஆன் செய்து ஆஃப் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் பம்பு ஓரிரு நொடி ஓடிக் குழாயை நிரப்பும். இப்போது இணைப்புகளை விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் இல்லை என்றால் மட்டும் ஸ்டார்ட்.

8. டீசல் ஃபில்டரை மாற்றும் வரிசை

இங்கே எதிரி அழுக்கும் காற்றும். கழற்றுவதற்கு முன்பே ஃபில்டரைச் சுற்றியுள்ள மண்ணைத் தூரிகையால் துடைத்து எடுங்கள். குழாய் வாயில் விழும் ஒரு சிட்டிகை மண்ணைத் தடுக்க ஃபில்டருக்கு அப்பால் வேறு எதுவும் இல்லை. கழற்றிய குழாய் முனைகளை உடனே சுத்தமான பிளாஸ்டிக் உறையால் மூடுங்கள். எந்தக் குழாய் எங்கே இருந்தது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, தேங்கியதை ஜாடியில் வடியுங்கள். தண்ணீர் சென்சார் பழைய ஃபில்டரிலேயே இருந்தால் அதைப் பத்திரமாக எடுத்து, புதிய ஓ-ரிங்குடன் புதியதில் பொருத்துங்கள். ஓ-ரிங்கில் சுத்தமான டீசலைத் தடவினால் முறுகாமல் உட்காரும். பிளாஸ்டிக் திருகுகளைக் கையால் மட்டும் இறுக்குங்கள்.

புது ஃபில்டரைக் கேனில் உள்ள டீசலால் நிரப்பிப் பொருத்தும் வழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. கையேடு அப்படிச் சொல்லாத வரை செய்யாதீர்கள். வெளியேறும் வாய் வழியாக ஊற்றிய டீசல் வடிகட்டப்படாமல் நேராகப் பம்புக்குப் போகும்.

காற்றை எடுக்கக் கைப் பம்பு இருந்தால், அது கல்லாக இறுகும் வரை அழுத்துங்கள். மின்பம்பு உள்ள வண்டியில் சாவியைப் பலமுறை ஆன் செய்தால் போதும். பிறகு செல்ஃப். ஒரு தடவைக்கு 10 நொடிக்கு மேல் வேண்டாம், நடுவே அரை நிமிடம் இடைவெளி. ஏர் பிடித்த நிலையில் விடாமல் செல்ஃப் அடித்தால் உயர் அழுத்தப் பம்பு உலர்ந்து சுற்றும். ஃபில்டரை மாற்றியதே அந்தப் பம்பைக் காப்பாற்றத்தான்.

ஸ்டார்ட் ஆனதும் சில நிமிடம் ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் ஓடவிடுங்கள். பழைய வண்டிகளில் செய்வது போல நாசில் குழாயைத் தளர்த்திக் காற்றை எடுக்க முயல வேண்டாம். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அது வலி தெரியாமலும் நடக்கும், விரலை இழக்கவும் நேரும்.

9. பழைய ஃபில்டரை வீசாதீர்கள், வாசியுங்கள்

அதில் இருந்து வடித்ததைக் கண்ணாடி ஜாடியில் அரைமணி நேரம் அசைக்காமல் வையுங்கள். தண்ணீர் அடியில் தனி அடுக்காக நிற்கும், டீசல் மேலே மிதக்கும். ஒருமுறை நான் வடித்ததில் அடியில் விரற்கடை உயரம் தண்ணீர், அதற்கும் டீசலுக்கும் நடுவே கரும்பழுப்பில் வழுவழுப்பான ஒரு படலம். குச்சியால் தொட்டால் பாசி போல இழுபட்டது. தண்ணீரும் டீசலும் சந்திக்கும் கோட்டில் வளரும் நுண்ணுயிர்ப் படலம் அது. மழைக்காலம் முழுக்க அரை டேங்குடன் கொட்டகையில் நின்ற வண்டி. அந்த ஜாடியைப் பார்த்த பிறகுதான் ஃபில்டர் மட்டும் போதாது, டேங்கையும் கழுவ வேண்டும் என்று அதன் உரிமையாளர் ஒப்புக்கொண்டார்.

தெளிவான டீசல், கொஞ்சம் கருமை என்றால் கெடுவை மாற்றத் தேவையில்லை. தண்ணீரோ துருவோ தெரிந்தால் அடுத்த மாற்றத்தைப் பாதித் தூரத்துக்குக் கொண்டுவாருங்கள், மாதம் ஒருமுறை அடித் திருகைத் தளர்த்திப் பாருங்கள், பங்க்கையும் மாற்றிப் பாருங்கள். பெட்ரோல் வண்டிக்காரர்கள் பங்க்கில் ஃபில்டர் பேப்பர் சோதனை கேட்கலாம். அது வாடிக்கையாளரின் உரிமை. ஒரு சொட்டு பெட்ரோல் காகிதத்தில் கறையில்லாமல் ஆவியாக வேண்டும்.

பழைய ஃபில்டரைக் காற்றடித்துச் சுத்தம் செய்து திரும்பப் போடுவதை மட்டும் யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதம் கிழிந்தால் வெளியே தெரியாது. டேங்கில் ஊற்றும் சுத்திகரிப்பு மருந்துகளும் அடைபட்ட காகிதத்தைத் திறக்காது.

10. மாற்றிய பின்

100 கி.மீ. ஓடியதும் போனெட்டைத் திறந்து இணைப்புகளில் வெள்ளைத் துணியை ஒற்றிப் பாருங்கள். சூடாகி ஆறிய பிறகுதான் சில கசிவுகள் வெளியே வரும். டீசலில், மறுநாள் காலை முதல் ஸ்டார்ட்டுக்கு அதிக நேரம் எடுத்தால் எங்கோ காற்று உறிஞ்சுகிறது. பெரும்பாலும் ஓ-ரிங் சரியாக உட்காரவில்லை. கழற்றி மறுபடி பொருத்துங்கள்.

கடைசியாக, அழியாத பேனாவால் ஃபில்டரின் மேலேயே தேதியையும் கிலோமீட்டரையும் எழுதுங்கள். போனெட்டைத் திறந்ததும் கண்ணில் படும் பக்கத்தில், பெரிதாக.